டெஸ்டிங் முடிந்தால் போதாதா? க்யூஏ எதற்கு?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கோடிங் முடித்ததும் டெஸ்ட் பண்ணித்தான் கொடுக்கிறோம். அப்புறம் க்யூஏ என்று தனியாக எதற்கு? எங்கள் டீமில் மூன்றே பேர், டெஸ்டர் கிடையாது. யார் அதைச் செய்வது?"

தம்பி, செய்து முடித்ததில் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பது டெஸ்டிங். தப்பு உள்ளே நுழையாதபடி வேலை செய்யும் முறையையே ஒழுங்காக வைத்திருப்பது க்யூஏ, அதாவது குவாலிட்டி அஷ்யூரன்ஸ். டெஸ்டிங் அதில் ஒரு பகுதி.

நம் ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்வோம். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் விற்கும் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறீர்கள். அறையின் நீள அகலத்தைக் கொடுத்தால் எத்தனை கல் என்று அது சொல்ல வேண்டும். 8 அங்குலச் சதுரக் கல் என்றால் சதுர அடிக்கு 2.25. பத்துக்குப் பத்து அறைக்கு 225, பத்துக்குப் பன்னிரண்டுக்கு 270. சரியாக வருகிறது என்று விட்டுவிடத் தோன்றும். பத்துக்குப் பதினொன்று கொடுத்துப் பாருங்கள், 247.5. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை புரோகிராம் வெட்டிவிட்டு 247 என்று காட்டினால் ஒரு கல் குறையும். இப்படி முழு எண்ணாக வராத அளவைத் தேடிப் பிடித்துக் கொடுப்பவர்தான் நல்ல டெஸ்டர்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. திருத்தி 248 ஆக்கிவிட்டீர்கள், எல்லா டெஸ்டும் பாஸ். ஆனால் வண்டியில் வரும்போதும் ஓரத்துக்கு அறுக்கும்போதும் சில கல் உடையும். கையால் வார்க்கிற கல் ஆயிற்றே, பிறகு போய் வாங்கினால் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும். பட்டாசாலையில் அந்த நாலு கல் மட்டும் தனியாகத் தெரியும். அதனால் கடைக்காரர் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் எண்ணிக் கொடுப்பார். அதை அவர் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. எழுதி வைத்த தேவையிலேயே இல்லாததை டெஸ்டர் எதை வைத்துச் சோதிப்பார்? கோடிங் தொடங்கும் முன் கடையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்து, புரிந்ததை எழுதி, அவரிடமே படித்துக் காட்டி ஒப்புதல் வாங்குவது க்யூஏ வேலை. என்னைக் கேட்டால் அதில் இதுதான் முக்கியமான பாதி.

1996 ஜூன் 4-ல் ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் வெடித்துச் சிதறியது. ராக்கெட்டின் திசையையும் வேகத்தையும் கணக்கிடும் கருவிக்கு, ஏரியான் 4-ல் ஒழுங்காக ஓடிய மென்பொருள் பகுதியை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புது ராக்கெட்டுக்குக் கிடைமட்ட வேகம் அதிகம். அதைச் சார்ந்த 64 பிட் எண் ஒன்று 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை. புது ராக்கெட்டின் பறக்கும் பாதை விவரம் அந்தக் கருவிக்கான தேவைகளிலேயே சேர்க்கப்படவில்லை என்று விசாரணைக் குழு எழுதியது. அவ்வளவு பெரிய இடத்திலும் ஓட்டை விழுந்தது தேவையை எழுதிய கட்டத்தில்தான்.

சரி, மூன்று பேர் டீம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்காமல் சேர்க்காதீர்கள். பிழை வந்தால் யார் செய்தது என்று தேடாமல் எந்தக் கட்டத்தில் நழுவியது என்று பாருங்கள். அந்தப் பிழையைப் பிடிக்க, தானாக ஓடும் ஒரு ஆட்டோமேஷன் டெஸ்ட் எழுதி ஒவ்வொரு ரிலீசுக்கு முன்னும் ஓட விடுங்கள். கடைசியாக, கடையில் பில் போடுகிறவரிடமே கொடுத்து ஒரு நாள் வியாபாரத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் எங்கே தயங்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள், மவுஸை மட்டும் நீங்கள் வாங்கிவிடாதீர்கள்.