முடி வெட்ட மூதூர் போதும், டொக்டரைப் பார்க்க ஏன் டவுன்?

வணக்கம் உறவுகளே! மூதூரில் முடி வெட்ட நாலு வீடு தள்ளிப் போனால் போதும். அதே ஆள் ஒரு விசேட வைத்தியரைப் பார்க்க வேண்டும் என்றால், பல வேளை திருமலை (திருகோணமலை) டவுனுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. டொக்டர்மாருக்கு மூதூரைப் பிடிக்காதா? அது இல்லை. தலைமுடி மாதாமாதம் வளர்கிறது, அதுதான் காரணம்!

சலூன் நடத்த ஒரு கிராமத்துத் தலைகள் போதும். விசேட வைத்தியருக்கோ ஒரு மாவட்டத்து நோயாளிகள் வேண்டும். 1933இல் வால்டர் கிறிஸ்டாலர் என்ற ஜெர்மன் புவியியலாளர் எழுதிய மைய இடக் கோட்பாடு இதுதான். ஒவ்வொரு ஊரின் சந்தைப் பரப்பையும் காட்டும் அந்த அறுகோணப் படம் ஏ.எல். புவியியல் படித்தவர்களுக்கு ஞாபகம் வரும். ஆனால் மேடுபள்ளம் இல்லாத சமவெளியில் சனம் சமமாகப் பரவியிருப்பதாக வைத்துத்தான் அவர் கணக்குப் போட்டார்.

சரி, இப்போது திருமலை வரைபடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் டச்சு விரிகுடா, நடுவில் ஒடுங்கிய நிலத்தில் டவுன். வாடிக்கையாளர் வரும் தூரத்துக்கு அதைச் சுற்றி வட்டம் போட்டால் வட்டத்துக்குள் எவ்வளவு தண்ணீர்! கப்பலுக்கு இது சொர்க்கம், கடைக்காரருக்குப் பெரிய சோதனை.

எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கிண்ணியாவுக்கும் டவுனுக்கும் நடுவே முன்பு பாதை ஓடியது. பாதை என்றால் ரோட்டு இல்லை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவைக்குத்தான் எங்கள் பக்கம் அந்தப் பெயர். பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் வெயிலில் காய வேண்டும். ஒரு சோப்புக்காக யார் காய்வார்? அதனால் சோப்பு, தையல், சைக்கிள் ஒட்டு எல்லாம் ஊருக்குள்ளேயே. கலியாண நகைக்கும் கச்சேரி (அரச அலுவலக) வேலைக்கும்தான் கடப்பார்கள்.

இப்போது துறையடித் தேத்தண்ணிக் கடை ஒன்றை யோசியுங்கள். அதன் வாடிக்கையாளர் யார்? காத்திருக்கிறவர். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளத்தில் கிண்ணியாப் பாலம் திறந்தது. அன்றைக்கு இலங்கையிலேயே நீளமான பாலம். அடுத்த நாள் காத்திருக்க ஆளில்லை. ஊர்ச் சனத்தொகையில் ஒருவர்கூடக் குறையவில்லை, ஆனால் அந்தக் கடை வாசல் வெறுமை! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

பாலம் வந்தால் சின்ன ஊர்க் கடைகளுக்கு நல்லது என்பார்கள். பாதிதான் உண்மை. பாலம் இரண்டு பக்கமும் திறந்தது. டவுன்காரர் கிண்ணியாவுக்கு வருவது எவ்வளவு சுலபமோ, கிண்ணியாக்காரர் டவுன் கடைக்குப் போவதும் அவ்வளவு சுலபம்.

நிலாவெளிப் பக்கம் இந்தக் கணக்கில் காலண்டரும் சேரும். மே முதல் செப்டம்பர் வரை உல்லாசப் பயணிகளோடு புறாமலைத் தீவுக்குப் படகுகள் பறக்கும், மாரி தொடங்கினால் கடற்கரைத் தொழில் படுத்துவிடும்.

கிண்ணியா ஆட்கள் யாராவது பார்க்கிறீர்களா? துறையடியில் நீங்கள் தேத்தண்ணி குடித்த கடை இப்போது எங்கே? மூடிவிட்டார்களா, பாலத்தடிக்கு மாறினார்களா? கொமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் வாசிப்பேன்.