இரண்டு வேலை, ஒரு சம்பளம்: டைட் எண்ட் ஆட்டக்காரரின் தொழில்

நேயர்களுக்கு வணக்கம். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் படும் பாடு நமக்குத் தெரியும். நாளெல்லாம் குந்தி எழுந்து பந்து பிடிக்க வேண்டும். மட்டையோடு வந்தால் ரன்னும் சேர்க்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் அதே பாடு படுகிறவருக்கு டைட் எண்ட் என்று பெயர். அவருடைய தொழில் வாழ்க்கை எப்படி ஓடுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

பெயரில்தான் கால்பந்து, ஆட்டம் பெரும்பாலும் கையால்தான். பந்தை வைத்திருக்கும் அணியில் 11 பேர். அதில் குறைந்தது 7 பேர் பந்து வைக்கப்பட்ட கோட்டில் வரிசையாக நிற்க வேண்டும். நடுவில் நிற்கும் ஐந்து பேரும் எதிரியைத் தடுப்பதற்கென்றே இருப்பவர்கள். முன்னால் ஓடி, வீசப்படும் பந்தைப் பிடிக்க அவர்களுக்கு உரிமை இல்லை. அந்த ஐவரில் ஓரத்து ஆள் டேக்கிள். அவருடைய தோளை ஒட்டி வரிசையின் நுனியில் நிற்பவர் டைட் எண்ட். நுனியில் நிற்பதால் அவர் பந்து பிடிக்கலாம். ஆனால் அந்த உரிமை நுனிக்குச் சொந்தம், ஆளுக்கு அல்ல. அவருக்கு வெளியே ஒரு ரிசீவர், அதாவது ஓடிப் பந்து பிடிப்பதற்கென்றே இருப்பவர், அதே கோட்டில் வந்து நின்றுவிட்டால் நுனி கைமாறிவிடும். அப்புறம் டைட் எண்ட் எவ்வளவு அழகாகப் பிடித்தாலும் செல்லாது. அணியை 5 கெஜம் பின்னுக்குத் தள்ளும் அபராதம் வேறு. ஆட்டம் தொடங்குவதற்கு முன் ரிசீவர்கள் ஓரத்து நடுவரைப் பார்த்துக் கை நீட்டுவது இதற்காகத்தான். ‘நான் கோட்டில் நிற்கிறேனா, பின்னால் நிற்கிறேனா’ என்று சரிபார்த்துக்கொள்கிறார்கள்.

முதல் வேலை, தடுப்பு. டைட் எண்ட் ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்திருக்கிறார். எதிரே 120 கிலோ எடையுள்ள ஆள். பந்து நகர்ந்ததும் டைட் எண்ட் எடுத்துவைக்கும் முதல் அடி அரை அடி தூரம்தான். ஆர்வத்தில் நீட்டி வைத்தால், மோதும் நேரத்தில் ஒரு கால் அந்தரத்தில் இருக்கும்; ஆள் மல்லாந்துவிடுவார். இரண்டாவது அடி தரையில் பதியும்போது இரு உள்ளங்கைகளும் எதிராளியின் மார்பில் ஏற வேண்டும். கட்டைவிரல் மேலே, முழங்கை விலாவோடு. கை தோளுக்கு வெளியே போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தால் 10 கெஜம் அபராதம். இளம் ஆட்டக்காரர்கள் அதிகம் சறுக்குவது இன்னோர் இடத்தில். மோதிய வேகத்தில் தலையைத் தொங்கப்போட்டுக் காலை நிறுத்திவிடுகிறார்கள். கண் தரையைப் பார்த்த மறுகணம் எதிராளி கையைத் தட்டிவிட்டு நழுவிப் போய்விடுவார். இடுப்பு எதிராளியின் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், கால் ஓயாமல் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

இரண்டாவது வேலை, அதே குனிந்த நிலையிலிருந்து நழுவி ஓடிப் பந்து பிடிப்பது. இங்கே ‘அதே’ என்ற சொல்தான் முக்கியம். தடுக்கப் போகும்போது விரல்நுனியில் எடை இறங்கி நகக்கண் வெளுத்திருக்கும். ஓடப் போகும்போது எடை குதிகாலுக்குப் போய் விரல் லேசாகிவிடும். எதிரணியில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் காவலரான லைன்பேக்கர் இதைப் பார்த்தே அடுத்து வருவது என்ன ஆட்டம் என்று கண்டுபிடித்துவிடுவார். இரண்டுக்கும் ஒரே மாதிரி குனியப் பழகவே சிலருக்கு வருடக்கணக்கில் ஆகிறது.

டைட் எண்ட் வெறும் தடுப்பு ஆள் என்ற எண்ணத்தை உடைத்தவர்களில் முன்னவர் சிகாகோ பேர்ஸ் அணியின் மைக் டிட்கா. 1961இல், தன் முதல் பருவத்திலேயே 56 பந்துகளைப் பிடித்து அணிக்கு 1,076 கெஜம் முன்னேற்றம் சேர்த்தார். ஆனாலும் முழுத் தொழில் வாழ்க்கையாக எடுத்துப் பார்க்க ஏற்றவர் டோனி கோன்சாலஸ்தான்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கால்பந்தோடு கூடைப்பந்தும் ஆடியவர் அவர். 1997இல் புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகப் பொறுக்கும் தேர்வில், கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி 13ஆவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தது. இரண்டாம் ஆண்டான 1998இல் பந்துகள் கையிலிருந்து நழுவின. பந்தை எதிரணியின் கடைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பதுதான் டச்டவுன்; பருவம் முழுவதற்கும் அவருக்கு இரண்டே டச்டவுன். பிறகு பயிற்சி நேரத்துக்கு வெளியேயும் பந்து பிடிப்பதையே சாதகம்போலச் செய்தார். 1999இல் 11 டச்டவுன்.

பந்து ஏன் நழுவுகிறது? பெரும்பாலும் விரல் அல்ல, கண்தான் குற்றவாளி. பந்து கைக்கு வந்து சேருமுன்னே ‘எந்தப் பக்கம் ஓடலாம்’ என்று பார்வை திரும்பிவிடும். மார்புக்கு மேலே வரும் பந்துக்கு இரு கட்டைவிரல்களும் ஆள்காட்டி விரல்களும் சேர்ந்து வைரம் மாதிரி ஓர் இடைவெளியை உண்டாக்க வேண்டும். பந்தின் கூர்முனை அதற்குள் வந்து உட்காரும். இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள் இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும். உடம்பில் வாங்கினால் மார்புக் கவசத்தில் பட்டுத் தெறிக்கும். பிடித்த பந்து அக்குளுக்குள் போகும்வரை கண் அதை விடக்கூடாது.

கூடைப்பந்து எங்கே கைகொடுத்தது என்றால், எதிராளிக்கு முதுகைக் காட்டி, அவரைப் பின்னால் அடைத்து வைத்துக்கொண்டு பந்துக்கு எழும்புவதில். வேகம் அவ்வளவு இல்லாவிட்டாலும் இது போதும். லைன்பேக்கர் காவலுக்கு வந்தால் ஓட்டத்தில் பின்தங்குவார். கடைசி வரிசைக் காவலரான சேஃப்டி வந்தால் உயரத்தில் எட்டமாட்டார். எதிரணிப் பயிற்சியாளருக்கு இது தீராத தலைவலி. 2004இல் கோன்சாலஸ் 102 பந்துகளைப் பிடித்தார். அந்த ஆண்டு ரிசீவர்கள் உட்பட வேறு யாரும் அவ்வளவு பிடிக்கவில்லை. பல்கலைக்கழக அளவில் கூடைப்பந்து மட்டுமே ஆடிவந்த அன்டோனியோ கேட்ஸ் பின்னர் இதே வழியில் வந்து 116 டச்டவுன் எடுத்தார். டைட் எண்ட்களில் அதை மிஞ்சியவர் இல்லை.

2009இல் கோன்சாலஸ் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணிக்கு மாறினார். 17 பருவங்களில் 272 ஆட்டங்கள் நடந்தன; அவர் ஆடாமல் விட்டது இரண்டே இரண்டு. 1,325 பந்துகள், 15,127 கெஜம். இவ்வளவு இருந்தும், பருவத்துக்குப் பிந்தைய வெளியேற்று ஆட்டம் ஒன்றில்கூட 15 ஆண்டுகள் அவர் வென்றதில்லை. 2013 ஜனவரியில் சியாட்டிலுக்கு எதிராக 31 வினாடி மிச்சமிருக்க, அட்லாண்டா ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. முதல் வீச்சில் 22 கெஜம். இரண்டாவதை நடுவில் ஓடிய கோன்சாலஸ் பிடித்தார், 19 கெஜம். உடனே கோல் கம்பத்துக்கு மூன்று புள்ளி உதை; 30க்கு 28 என்று வெற்றி. அழுதுவிட்டார் மனிதர். அடுத்த வாரம் சான் ஃபிரான்சிஸ்கோவிடம் தோல்வி. இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை அவர் ஆடியதே இல்லை.

எல்லாருக்கும் உடம்பு இப்படி ஒத்துழைப்பதில்லை. நியூ இங்கிலாண்ட் அணியின் ராப் கிரான்கவுஸ்கி இரு வேலையிலும் முதல் தரம். 2012 நவம்பரில் அவர் முன்கை முறிந்தது பந்து பிடிக்கப் போய் அல்ல. டச்டவுனுக்குப் பிந்தைய ஒற்றைப் புள்ளி உதைக்குத் தடுப்பாக நின்றபோது. அடுத்த ஆண்டு டிசம்பரில் தாழ வந்த மோதலில் முழங்கால் தசைநார் கிழிந்தது. தலையில் மோதுவதற்குத் தண்டனை கூடியபின் காலைக் குறிவைத்து வருவது இந்த உயரமான ஆட்களுக்குத்தான் அதிக ஆபத்து. இன்னும் முந்திய தலைமுறையில் பால்டிமோரின் ஜான் மேக்கி. ஆட்டக்காரர் அணி மாறும் உரிமைக்காக வழக்குப் போட்டு 1976இல் வென்றவர். முதுமையில் நினைவு மங்கிப்போனது. மறதி நோயுள்ள முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு தொடக்கத்தில் ஆண்டுக்கு 88,000 டாலர் வரை கொடுத்த திட்டம் வந்ததற்கு அவர் நிலைமையே காரணம். 88 அவர் போட்டிருந்த சட்டையின் எண்.

சம்பளக் கணக்குக்கு வருவோம். நியூ ஆர்லியன்ஸின் ஜிம்மி கிரஹாம் 2013இல் 16 டச்டவுன் எடுத்தார். அணி அவரை வெளியே விடாமல் ஓராண்டுக்குப் பிடித்துவைத்தது. அப்படிப் பிடித்துவைத்தால் கொடுக்க வேண்டிய தொகை அன்று டைட் எண்டுக்குச் சுமார் 70 லட்சம் டாலர், ரிசீவருக்கு 1 கோடியே 23 லட்சம். ‘பாதிக்கு மேல் நான் டேக்கிளை ஒட்டி நிற்பதே இல்லையே, ரிசீவர் கணக்கில் கொடுங்கள்’ என்று கிரஹாம் கேட்டார். டேக்கிளிலிருந்து 4 கெஜத்துக்குள் நின்றாலும் டைட் எண்ட்தான் என்று 2014 ஜூலையில் அந்தத் தகராறை விசாரித்த மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். என் கணிப்பில் வாதம் நியாயமானது, தீர்ப்பு சட்டப்படியானது. பிறகு 4 ஆண்டுக்கு 4 கோடி டாலர் என்று சமாதானம் ஆனது.

கூடைப்பந்து வளையத்தின் உயரம் 10 அடி. இந்த ஆட்டத்துக் கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டமும் 10 அடிதான். டச்டவுன் எடுத்ததும் எகிறி, பந்தைச் சட்டத்துக்கு மேலே போட்டு அமுக்குவதைத் தன் அடையாளமாக வைத்திருந்தவர் கோன்சாலஸ். 2013 நவம்பரில் அட்லாண்டா அரங்கில் நியூ ஆர்லியன்ஸோடு ஆட்டம். கோன்சாலஸுக்கு அது கடைசிப் பருவம். டச்டவுன் எடுத்த கிரஹாம் அதே மாதிரி அமுக்கினார். சட்டம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ஆட்களை வரவழைத்து அதை நிமிர்த்திச் சமன்படுத்திய பிறகுதான் ஆட்டம் தொடர்ந்தது. அடுத்த பருவத்திலிருந்து கம்பத்தில் பந்து அமுக்கினால் 15 கெஜம் அபராதம்.