கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் போதுமா?

(தமிழக-கேரள எல்லையிலுள்ள கம்பம்மெட்டில் ஏலக்காய்த் தோட்டப் பெண்களிடம் ஒரு மகப்பேறு மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். விடியுமுன் கம்பத்தில் ஜீப் ஏறி வந்து, நாளெல்லாம் செடித் தூரடியில் குத்தவைத்துக் காய் எடுத்தவர்கள் நீங்கள். சுருக்கமாகவே பேசுகிறேன்.

"டிஸ்சார்ஜ் சீட்டில் எண்டோமெட்ரியோசிஸ், மிதமான நிலை என்று போட்டிருக்கிறது. மிதம் என்றால் ஏன் டாக்டர் இப்படி உயிர் போகிறது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கர்ப்பப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு வெளியே, சினைப்பையிலும் இடுப்புக்குழியிலும் வளர்வதுதான் இந்த நோய். மாதாமாதம் அதுவும் வீங்கிக் கசியும். கசிந்த ரத்தம் வெளியேற வழியில்லை. அந்த இடம் புண்ணாகித் தழும்பாகும். வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்ப்பதுதான் லேப்ராஸ்கோப்பி. அதில் பார்த்ததற்கு மதிப்பெண் போடுவார்கள். 16 முதல் 40 வரை மூன்றாம் நிலை, அதாவது மிதம். கட்டிக்கும், தழும்பால் உறுப்புகள் ஒட்டிக்கொள்ளும் ஒட்டலுக்கும்தான் அந்த மதிப்பெண், வலிக்கு ஒரு மார்க்கும் கிடையாது! முதல் நிலையிலேயே சுருண்டு படுப்பவர்கள் உண்டு.

மூன்றாம் நிலையில் சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிச் சாக்லேட் நிறக் கட்டி இருக்கலாம். கர்ப்பப்பை இயல்பாக லேசாக அசையக்கூடியது. தழும்பு இழுத்தால் பின்னால் சாய்ந்து மலக்குடலோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் தடவாமல் பலாப்பழம் அரிந்தால் விரலோடு விரல் ஒட்டுமே, அப்படி. கர்ப்பப்பையைப் பின்னாலிருந்து தாங்கும் நார்களும் முடிச்சு முடிச்சாகத் தடிக்கும். மாதவிலக்கு நாளில் வெளிக்குப் போகும்போது குத்துவதும், கணவரோடு சேரும்போது ஆழத்தில் வலிப்பதும் இதனால்தான். இதை எந்த டாக்டரிடமும் நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. கருக்குழாய் மடங்கினால் குழந்தை தங்குவதும் தள்ளிப்போகும்.

சரி, வைத்தியம்? "ரெண்டு பிள்ளை ஆச்சு, பையை எடுத்துடலாம்" என்பது நம் பக்கத்தில் சுலபமாக வாயில் வந்துவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நோய் பெரும்பாலும் பைக்கு வெளியே இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பையை மட்டும் எடுத்தால் வலி தொடரலாம். சினைப்பைகளையும் எடுத்தால் சின்ன வயதிலேயே மாதவிலக்கு நின்று எலும்பு பலவீனமாகும். கர்ப்பப்பையின் தசைக்குள்ளேயே திசு புகுந்து, எதற்கும் அடங்காதபோது சிலருக்கு எடுக்க வேண்டி வரும்தான். அதற்கு முன்னால் வலி மாத்திரை இருக்கிறது, ஹார்மோன் மாத்திரை இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது. குழந்தைக்கு முயல்பவர்களுக்கு ஹார்மோன் ஒத்துவராது. அவர்களுக்கு லேப்ராஸ்கோப்பியில் ஒட்டலைப் பிரித்துக் கட்டியை நீக்குவது உதவலாம்.

அப்புறம், வீட்டில் பெண்பிள்ளை மாதாமாதம் பள்ளிக்கூடம் போகாமல் படுத்தால் "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள். கூட்டிவாருங்கள். தேனி க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்குப் போனாலும் கோட்டயம் மெடிக்கல் காலேஜுக்குப் போனாலும் பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்துப் போங்கள். பையை எடுக்கச் சொன்னால், "சினைப்பையையும் எடுப்பீங்களா? வெளியே ஒட்டியிருப்பதை என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். முகம் சுளிக்கும் டாக்டரும் இருப்பார். பரவாயில்லை, பதில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.