கேஸ் எவ்வளவு மிச்சம்? நாலு லோட் செல், ஒரு தராசு

வணக்கம் மக்களே! கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அம்மா சிலிண்டரில் ஈரத்துணி சுற்றுவார். ஈரம் காயாமல் நிற்கிற மட்டம்தான் கேஸ் மட்டம். ஆனால் அது எத்தனை கிலோ என்று துணி சொல்லாது. அதற்காகத்தான் சிலிண்டருக்கு அடியில் வைக்க இந்தத் தட்டு.

நான்கு லோட் செல், அதாவது எடையை மின் சிக்னலாக மாற்றும் உணரிகள், ஒவ்வொன்றும் 50 கிலோ வரை அளக்கும். உடம்பு எடை பார்க்கிற மெஷினுக்குள் இருக்குமே, அதே சதுர வகை. ஒவ்வொன்றிலும் மூன்று வயர் வரும். நிறத்தை நம்பாதீர்கள், மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். எந்த இரண்டுக்கும் நடுவில் சுமார் 2 கிலோ ஓம் காட்டுகிறதோ அவை ஓர வயர்கள். மிச்சமிருப்பது நடு வயர். அதிலிருந்து எந்த ஓரத்துக்கும் 1 கிலோ ஓம்தான் வரும். என்னுடையதில் சிவப்புதான் நடு.

நான்கு செல்லையும் வளையமாகக் கோக்க வேண்டும். பக்கத்துச் செல்லோடு ஒரு பக்கம் கறுப்புக்குக் கறுப்பு, மறுபக்கம் வெள்ளைக்கு வெள்ளை. மிஞ்சுகிற நான்கு சிவப்பில், எதிரெதிர் மூலைகள் இரண்டும், செல்லின் சின்ன சிக்னலை எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 போர்டின் இ பிளஸ், இ மைனஸுக்குப் போகும் (செல்களுக்கு மின்சாரம் தரும் முனைகள்). மற்ற இரண்டும் ஏ பிளஸ், ஏ மைனஸுக்கு (சிக்னல் வாங்கும் முனைகள்). அந்த எண்ணைப் படிப்பது ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை. எடை ஏற ஏற எண் இறங்கினால் ஏ வயர்களை இடம் மாற்றிப் போடுங்கள், சரியாகிவிடும்.

லோட் செல்லைக் கிட்டத்தில் பாருங்கள். சுற்றிலும் சட்டம், நடுவில் நாக்கு மாதிரி ஒரு பகுதி. சட்டம் மட்டும்தான் பலகையில் உட்கார வேண்டும். நாக்குக்கு அடியில் காலியிடம் வேண்டும், அது வளைந்தால்தான் எடை தெரியும். நான் முதலில் செல்லை அப்படியே பலகையில் ஒட்டிவிட்டேன். 15 கிலோ வைத்தும் எண் அசையவில்லை. சால்டரிங்கைச் சந்தேகப்பட்டே இரண்டு நாள் போய்விட்டது!

அப்புறம் கேலிபரேஷன், அதாவது எந்த எண்ணுக்கு எத்தனை கிராம் என்று கண்டுபிடிப்பது. கால் கிலோ பாக்கெட்டை வைத்து முடித்துவிடாதீர்கள். அதில் 5 கிராம் பிசகினால் 30 கிலோவில் 600 கிராம் பிசகும். மளிகைக்கடை அண்ணாச்சியிடம் அரசு முத்திரை குத்திய 5 கிலோ எடைக்கல் நான்கு கேட்டு வாங்கி வந்தேன். காலித் தட்டில் 84,000 என்று வந்தது, 20 கிலோவில் 5,14,000. வித்தியாசம் 4,30,000. ஆக, ஒரு கிராமுக்கு 21.5. பிறகு ஒரே கல்லை நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் தனியாகக் காட்டினால் அங்கே செல் சரியாக உட்காரவில்லை.

முக்கியமானது ஒன்று. பல மாதிரி நிரல்களில் ஆர்டுயினோ ஆன் ஆனதும் தட்டில் இருப்பதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்தால் சிலிண்டரே பூஜ்யமாகிவிடும்! அதனால் காலித் தட்டின் அந்த 84,000ஐ, கரண்ட் போனாலும் அழியாத ஈப்ராம் நினைவகத்தில் எழுதி வைத்துவிட்டேன். அடுப்பு வேக்காட்டில் பகலுக்கும் ராத்திரிக்கும் 100 கிராம் வரை ஏறி இறங்குகிறது. கேஸ் பார்க்க அது போதும்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் ஆர்டுயினோ, அடாப்டர், பிளக் எதையும் கீழே வைக்கவே கூடாது. என்னுடையது அடுத்த அறையில், அலமாரி மேல் இருக்கிறது.

சரி, இப்போது தட்டில் 18.3 கிலோ. சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்கும் தகட்டில் காலி எடை 15.9 என்று அடித்திருக்கிறது. நிரம்பியிருந்தபோது 14.2 கிலோ இருந்த கேஸில் மிச்சம் 2.4. அம்மா காலையிலேயே புக் பண்ணிவிட்டார்.