"தாமதமாகிவிட்டது, சீக்கிரம் போங்கள்"

நண்பர்களே, வணக்கம்.

பைபிளில் இயேசு சொல்லும் நல்ல சமாரியன் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கள்வரிடம் அடிபட்டு வழியில் கிடந்தவனை ஆசாரியனும் (கோயில் குரு) லேவியனும் (கோயில் பணியாளன்) பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். யூதர்கள் ஒதுக்கி வைத்திருந்த சமாரிய இனத்தவன் ஒருவன்தான் நின்று காயம் கட்டினான். முதல் இருவரும் கல்நெஞ்சக்காரர்கள் என்றே நானும் நெடுநாள் நினைத்திருந்தேன்.

ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்களுக்கு வேறு சந்தேகம் வந்தது. ஒருவேளை அந்த இருவரும் அவசரத்தில் இருந்தார்களோ? அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் படித்த மாணவர்கள் 40 பேரை வைத்துச் சோதித்தார்கள். முடிவு 1973இல் வெளியானது.

ஒவ்வொருவரும் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். சிலருக்குத் தலைப்பே சமாரியன் கதைதான். போகிற வழியில் ஒரு வாசலில், தலை கவிழ்ந்து, கண் மூடி ஒருவர் சரிந்து கிடக்கிறார். இவர்கள் கடக்கும்போது இருமுகிறார், முனகுகிறார். அவர் ஆய்வாளர்கள் உட்கார வைத்த ஆள் என்பது மாணவர்களுக்குத் தெரியாது.

"இன்னும் சில நிமிடம் ஆகும், ஆனாலும் போய் இருங்கள்" என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். "தாமதமாகிவிட்டது, உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள், சீக்கிரம் போங்கள்" என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம். பத்தில் ஒருவர்! சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்களிலேயே சிலர், கிடந்தவரைத் தாண்டிக் காலெடுத்து வைத்துப் போயிருக்கிறார்கள்.

அப்படியானால் இவர்கள் வேஷக்காரர்களா? அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். நிற்காமல் போனவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது பதற்றமாக இருந்தார்கள் என்றும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மனசு மரத்துப்போகவில்லை. காத்திருப்பவரும் இவர்களை நம்பித்தானே இருக்கிறார்? இரண்டு கடமைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். ஒருவர் செய்யக்கூடாததைச் செய்தார் என்று கேள்விப்பட்டால், அவர் எப்படிப்பட்ட ஆள் என்பதற்கு முன்னால், அவரை விரட்டியது யார் என்று கேட்கிறேன். சாமான் பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வர வேண்டும் என்று ஆர்டர் போடுகிறோம். வழியில் யாரோ வண்டியோடு விழுந்து கிடந்தும், அதைக் கொண்டுவரும் பையன் நிற்காமல் வந்தான் என்று வையுங்கள். "தம்பி, எங்க வர்றீங்க? இன்னும் எவ்வளவு நேரம்?" என்று இரண்டு தடவை அவனுக்குப் போன் செய்தவர்கள் நாம்தான்.