இருமல் வரிசையில் எடுக்கும் முடிவு

நேயர்களுக்கு வணக்கம். நோயைக் கண்டறிவதும் மருந்து எழுதுவதும் மருத்துவரின் பணி. அவர் சொன்னதைச் செய்வது செவிலியரின் பணி என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. காசநோய்ப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில், நோய் உறுதியாவதற்கு முன்பே செவிலியர் எடுத்தாக வேண்டிய முடிவுகளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில், சீட்டு வாங்கியவர்கள் நீள பெஞ்சில் நெருங்கி அமர்ந்திருப்பார்கள். கைக்குழந்தையோடு ஒரு தாய், சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்க வந்த முதியவர், இவர்களுக்கு நடுவே விடாமல் இருமிக்கொண்டிருக்கும் ஒருவர். காசநோய்க் கிருமி காற்றில் பரவக்கூடியது. இருமும்போது வெளிப்படும் நுண்துளிகள் காற்றோட்டமில்லாத அறைக்குள் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். சளிப் பரிசோதனையின் முடிவு வரட்டும் என்று காத்திருக்க முடியாது. எத்தனை நாளாக இருமல் என்று கேட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் என்றால், அவருக்கு முகக்கவசம் கொடுத்துத் திறந்த தாழ்வாரத்தில் அமரவைத்து, வரிசையில் முன்னதாகவே மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும். ஆனால் நாலு பேர் முன்னிலையில் எழுப்பப்படுகிறவர், தன்னை ஒதுக்குகிறார்கள் என்றுதான் நினைப்பார்; அடுத்த முறை வராமலே போகலாம். அதனால், "அய்யா, உங்களைச் சீக்கிரம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், இப்படி வந்து உட்காருங்கள்" என்று சொல்வதையும் நான் தொற்றுத் தடுப்பின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன்.

1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளுக்கான மருத்துவமனையில், தங்கியவர்களையும் வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டவர்களையும் ஒப்பிட்டு, 1959இல் தன் முடிவுகளை வெளியிட்டது. நெருக்கடியான, வறுமை மிகுந்த வீடுகளில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள் என்பதும், அவர்களுடைய குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதும் உலகெங்கும் சிகிச்சை முறையையே மாற்றின. தொடர்ந்து மருந்து உட்கொள்பவரிடமிருந்து நோய் பரவுவது விரைவில் குறைந்துவிடுகிறது. ஆகவே மாத்திரை தவறாமல் உள்ளே போவதுதான் வீட்டாருக்குப் பாதுகாப்பு.

அங்கேதான் நான் ஒருமுறை தவறினேன். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சள் நிறத்தில் போகும் என்று ஒரு தொழிலாளியிடம் சொல்ல மறந்துவிட்டேன். இரத்தம் போகிறது என்று பயந்த அவர் மருந்தை நிறுத்திவிட்டார். மூன்று வாரம் கழித்து, முன்பைவிட இளைத்துத் திரும்பி வந்தார். அதன் பிறகு, சொல்வதோடு நிறுத்தாமல், "வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்துவிட்டுத்தான் அனுப்புவேன். நிறம் மாறினால் பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ அன்றே வர வேண்டும். இந்த இரண்டையும் அவர்கள் பிரித்துச் சொல்ல வேண்டும்.

அவசர நிலை என்றால் இரத்த வாந்தியைப் போல் கண்ணில் படுவது மட்டுமே என்று நினைக்கிறோம். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் வேறொன்றைக் கவனிக்கச் சொல்கிறது. நோய் கண்டறியப்பட்டவுடன் உயரம், எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, நிலை மோசமாக இருந்தால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். எலும்பும் தோலுமாக அமைதியாக உட்கார்ந்திருப்பவரை, நடந்து வந்தார் என்பதற்காகவே வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

இருமலோடு இரத்தம் பெருகி வரும்போது யோசிக்க நேரம் இராது. எந்தப் பக்க நுரையீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால், அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்; இல்லையென்றால் நல்ல நுரையீரலுக்குள்ளும் இரத்தம் இறங்கிவிடும். அதனால்தான் டியூட்டி மாறும்போது, "வலதா, இடதா" என்று கேட்காமல் நான் கேஸ் ஷீட்டை வாங்கியதில்லை. அந்த அவசரத்திலும் என்95 முகக்கவசத்தை அணிந்த பிறகே படுக்கையருகே செல்ல வேண்டும் என்று இளைய செவிலியர்களுக்கு அழுத்திச் சொல்வேன்.

மாத்திரை அட்டையைக் கையில் கொடுக்கும்போது நான் கேட்கும் கடைசிக் கேள்வி, "வீட்டில் உங்களோடு யார் யார் படுக்கிறார்கள்?" என்பது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், அதற்கு நோய் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். மறுநாளே குழந்தையை அழைத்து வரும்படி நாளையும் நேரத்தையும் சீட்டில் எழுதிக் கொடுப்பேன்.