பகிர்ந்து எழுதும் கோப்பில் பழைய பதிப்பை மீட்பது எப்படி? மார்த்தாண்டத்திலிருந்து வந்த கேள்விக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். சென்ற காணொளியில், கூகுள் ஷீட்ஸில் குழுவாகச் சேர்ந்து கணக்கு எழுதுவது பற்றிப் பேசியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளில், மார்த்தாண்டம் பக்கத்தில் தேனீ வளர்ப்போர் குழு ஒன்றின் கணக்கைக் கவனித்துவரும் சகோதரி அனுப்பிய கேள்விக்கு இன்று விரிவாக விளக்கம் சொல்ல விரும்புகிறேன். அவர் எழுதியதை அப்படியே வாசிக்கிறேன்.

“எங்கள் குழுவில் ஐந்து பேர் ஒரே ஷீட்டில் உறுப்பினர்களின் பெட்டி எண்ணிக்கை, அவர்கள் கொண்டுவந்த தேனின் எடை, கொடுத்த பணம் ஆகியவற்றைப் பதிகிறோம். மார்ச் மாத வரிசைகள் சில காணாமல் போயின. எங்களில் ஒருவர் பழைய பதிப்பை மீட்டெடுத்தார். அந்த வரிசைகள் திரும்ப வந்தன. ஆனால் அந்தப் பழைய பதிப்புக்குப் பிறகு நான்கு நாள்கள் நாங்கள் எழுதியவை போய்விட்டன. அன்றிலிருந்து பயந்துபோய் ஆளுக்கொரு பிரதி எடுத்து ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘சரியானது’ என்று பெயரிட்டு வைத்திருக்கிறோம். பொறியியல் படிக்கும் என் அண்ணன் மகன், கிட் என்ற மென்பொருளுக்கு மாறிவிடுங்கள் என்கிறான். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?”

சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எழுதிய அந்த நான்கு நாள் கணக்கு அழிந்திருக்க வாய்ப்பில்லை. கூகுள் ஷீட்ஸில் பழைய பதிப்பு ஒன்றை மீட்டெடுக்கும்போது, அதற்குப் பின் வந்த பதிப்புகளை மென்பொருள் அழித்துவிடுவதில்லை. மீட்ட பதிப்பைப் புதிய பதிப்பாக எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே கணினியில் அந்தக் கோப்பைத் திறந்து, ‘கோப்பு’ பட்டியலில் ‘பதிப்பு வரலாறு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்கம் தேதி, நேரம், திருத்தியவரின் பெயர், அவருக்குரிய நிறம் ஆகியவற்றுடன் பதிப்புகளின் பட்டியல் ஒன்று தோன்றும். திருத்தும் அனுமதி உள்ளவருக்கு மட்டுமே இது தெரியும்; பார்வையாளராக மட்டும் சேர்க்கப்பட்டவருக்குத் தெரியாது. அந்தப் பட்டியலில், உங்கள் தோழர் மீட்டெடுத்த நேரத்துக்குச் சற்று முந்தைய பதிப்பைச் சொடுக்கினால் நான்கு நாள் எழுத்தும் அங்கே இருக்கும்.

இப்போது அந்தப் பதிப்பை நீங்கள் அவசரப்பட்டு மீட்டுவிடக் கூடாது. மீட்டால் மார்ச் மாத வரிசைகள் மறுபடியும் போய்விடும். இந்தக் கேள்வியில் நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது இதைத்தான், ஏனென்றால் பெரும்பாலானோர் இங்கேதான் தவறுகிறார்கள். மீட்டெடுத்தல் என்பது கோப்பு முழுவதையும் ஒரு நேரத்துக்குத் திருப்புவது. உங்களுக்கு வேண்டியதோ பத்துப் பதினைந்து வரிசைகள் மட்டுமே. ஆகவே அந்தப் பதிப்பின் அருகிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, அதை மட்டும் தனிப் பிரதியாக எடுங்கள்; அந்தப் பிரதியிலிருந்து விடுபட்ட வரிசைகளை மட்டும் நகலெடுத்து நடப்புக் கோப்பில் ஒட்டுங்கள்; வேலை முடிந்தவுடன் பிரதியை நீக்கிவிடுங்கள். ஒரு சிலர், கட்டத்தின் மேல் வலச்சொடுக்கு செய்து திருத்த வரலாற்றைப் பார்த்தால் போதாதா என்று கேட்பதுண்டு. ஒரு கட்டத்தில் 12 என்பதை 21 என்று மாற்றியவர் யார், முன்பு என்ன இருந்தது என்று அறிய அது மிகவும் உதவும். ஆனால் வரிசைகளையோ நிரல்களையோ சேர்த்ததும் நீக்கியதும் அதில் காட்டப்படுவதில்லை. உங்களுக்கு நேர்ந்தது வரிசை நீக்கம் என்பதால் அந்த வழி இங்கே பயன்படாது.

அடுத்தது, ஆளுக்கொரு பிரதி. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பிரதி எடுப்பது அந்தப் பயத்துக்கு மருந்தாகாது. இதை நான் கண்ணால் பார்த்துக் கற்றவன். 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் வீசியபோது, நம் கடற்கரை ஊர் ஒன்றில் கரை திரும்பாதவர்களின் பட்டியலைத் தட்டச்சு செய்ய உதவிய இளைஞர்களில் நானும் ஒருவன். காலையில் ஒருவர் தொடங்கிய பட்டியல், மாலைக்குள் வாட்ஸ்அப்பில் மூன்று நான்கு கோப்புகளாகப் பிரிந்துவிட்டது. ஒரு கோப்பில் வீட்டில் அழைக்கும் பெயரும், மற்றொன்றில் திருமுழுக்குப் பெயரும் இருந்ததால் ஒரே ஆள் இருவராக எண்ணப்பட்டார். லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் கரையேறியவர்களைப் பற்றிச் செய்தி வரவர, ஒருவர் தம் கோப்பில் பெயரை நீக்குவார். அடுத்தவர் கோப்பில் அந்தப் பெயர் அப்படியே நிற்கும். எந்த வரி எப்போது, யார் சொல்லி மாற்றப்பட்டது என்பதை எங்களால் சொல்ல முடியவில்லை. வாசலில் நின்ற ஒரு தாயிடம் இரண்டு கோப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்லத் திணறிய அந்த இரவை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அன்று ஒரே இணைப்பில் ஒரே பட்டியல் இருந்து, ஒவ்வொரு மாற்றமும் அதன் வரலாற்றில் பதிந்திருந்தால், புயலை நிறுத்தியிருக்க முடியாது. அந்தக் குழப்பத்தையாவது நிறுத்தியிருக்கலாம்.

ஆகவே உங்களிடம் உள்ள கோப்புகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். எதை என்றால், அண்மையில் திருத்தியதை அன்று. முதன்முதலில் தொடங்கிய மூலக் கோப்பைத்தான். ‘பிரதி எடு’ என்று சொல்லி உருவாக்கிய கோப்பில் பழைய வரலாறு கூடவே வருவதில்லை. அதன் வரலாறு பிரதி எடுத்த நிமிடத்திலிருந்துதான் தொடங்குகிறது. எக்ஸெல் கோப்பாகப் பதிவிறக்கினாலும் அப்படியே. மூலக் கோப்பில்தான் முதல் நாள் முதல் இன்றுவரை யார் என்ன செய்தார்கள் என்ற சான்று இருக்கிறது. பிற பிரதிகளில் மட்டுமே உள்ள வரிசைகளை ஒருவர் பொறுப்பேற்று, எடை போட்டபோது கொடுத்த ரசீதுகளோடு ஒப்பிட்டு, மூலத்தில் சேர்க்கட்டும். ஐந்து பேரும் ஆளுக்குக் கொஞ்சம் சேர்ப்பது வேண்டாம். ஒரே ரசீது இருமுறை ஏறிவிடும்.

‘இறுதி’ என்ற பெயர் கோப்புக்கு வேண்டாம், பதிப்புக்குக் கொடுங்கள். பதிப்பு வரலாற்றில் ‘தற்போதைய பதிப்புக்குப் பெயரிடு’ என்ற வசதி இருக்கிறது. இடத்தைச் சேமிப்பதற்காக நுண்ணிய திருத்தங்களைக் கூகுள் அவ்வப்போது ஒன்றாகச் சேர்த்துவிடக்கூடும் என்பதால், உங்களுக்கு முக்கியமான நிலைகளுக்கு நீங்களே பெயரிட்டு வைப்பதுதான் நல்லது. கூகுள் டாக்ஸ் கோப்பில் 40 பெயர்களும் ஷீட்ஸ் கோப்பில் 15 பெயர்களும் வைக்கலாம். 15 என்பது குறைவு என்று தோன்றலாம். ஆனால் ஒரு நிதியாண்டுக்கு ஒரு கோப்பு என்று வைத்து, மாதக் கணக்கு முடிந்த அன்று ‘மார்ச் முடிவு, ரசீதுடன் சரிபார்த்தது’ என்று பெயரிட்டால் 12 போக 3 மீதி இருக்கும். அந்த மூன்றை, கொள்முதல் விலையை மாற்றுவதற்கு முன், நிரல்களை இடம் மாற்றுவதற்கு முன் என்று ஆபத்தான வேலைகளுக்காக வைத்துக்கொள்ளுங்கள். பெயரில் தேதியை எழுதத் தேவையில்லை, அது தானே பதிந்திருக்கும், காரணத்தை எழுதுங்கள்.

இனி உங்கள் அண்ணன் மகன் சொன்ன கிட். அவர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை உருவாக்கப் பல நாடுகளில் இருந்தவர்கள் ஒரே மென்பொருள் நிரலில் வேலை செய்ய வேண்டியிருந்தபோது, யார் எதை மாற்றினார் என்று பதிந்துவைக்க 2005ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கருவி அது. ஆனால் அது வரி வரியாக உள்ள வெறும் எழுத்துக் கோப்புகளை ஒப்பிடுவதில்தான் வல்லது. வேர்டு கோப்பும் எக்ஸெல் கோப்பும் உண்மையில் பல துணைக்கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய பொட்டலங்கள் என்பதால், கிட் அவற்றைச் சேமித்து வைக்குமே தவிர, எந்த வரியில் என்ன மாறியது என்று உங்களுக்குப் படிக்கும்படி காட்டாது. தேன் எடை போடும் இடத்தில் கைப்பேசியோடு நிற்கும் உறுப்பினருக்கு அது பாரமாகத்தான் இருக்கும். ஆகவே மாற வேண்டாம்.

ஆயினும் அதிலிருந்து ஒரு நல்ல பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரே வரியை இருவர் வேறு வேறாகத் திருத்தினால் கிட் அதை மோதல் என்று அறிவித்து, எதை வைத்துக்கொள்வது என்று மனிதரிடம் விட்டுவிடும். பகிர்ந்த ஷீட்டில் அப்படியில்லை. ஒரே கட்டத்தில் இருவர் எழுதினால் கடைசியாக எழுதியவரின் எண்ணே நிற்கும், யாரையும் கேட்காது. கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்ற ஒரே ஒரு கட்டம் மாறினால் எல்லா உறுப்பினரின் பணமும் மாறிவிடுமல்லவா? ஆகையால் அந்தக் கட்டத்தையும் கூட்டுத்தொகை வரிசையையும் ‘தரவு’ பட்டியலில் உள்ள பாதுகாப்பு வசதியால் பூட்டி, தலைவரும் பொருளாளரும் மட்டும் திருத்தும்படி வையுங்கள். ரப்பர் மரங்கள் தளிர்விட்டுத் தேன் வரத்து மிகுந்திருக்கும் மாதங்களில், ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பதியும்போது இது பெரிய காவலாக இருக்கும்.

மைக்ரோசாஃப்ட் பயன்படுத்துவோர்க்கும் ஒரு சொல். அலுவலகக் கோப்புகளைப் பகிரும் அதன் ஷேர்பாயிண்ட் சேவையில் ஒருவர் கோப்பைச் ‘செக் அவுட்’ செய்தால், அவர் திருப்பித் தரும்வரை பிறர் திருத்த முடியாது. ஒப்பந்தம் போன்ற ஆவணங்களுக்கு அது ஏற்றது, தினக் கணக்குக்கு ஏற்றதன்று. இணையத்தில் கோப்புகளைச் சேமிக்கும் ஒன் டிரைவின் தனிநபர் கணக்கில் கடைசி 25 பதிப்புகளைத்தான் திரும்பப் பெறலாம்.

கூட்டத் தீர்மானங்களைப் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருக்கும் குழுக்கள் நம் மாவட்டத்தில் இன்னும் இருக்கின்றன. அதை யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டுக்கு மாற்றி அதே கோப்பில் ஒட்டினால், எழுத்து ஒவ்வொன்றும் மாறியதாக வரலாறு காட்டும். அன்று யாரேனும் ஒரு தீர்மானத்தில் ஓர் எண்ணைத் திருத்தியிருந்தால் அது அத்தனை மாற்றங்களுக்கு நடுவே மறைந்துபோகும். ஆகவே எழுத்துரு மாற்றத்தைத் தனியாகச் செய்து, முன்னும் பின்னும் பெயரிட்டு வையுங்கள். வேறு எந்தத் திருத்தத்தையும் அதோடு கலக்காதீர்கள்.

கடைசியாக, பதிப்பு வரலாறு கோப்புக்கு உள்ளேதான் இருக்கிறது. கோப்பின் உரிமையாளர் அதை நீக்கிவிட்டால் 30 நாள்கள் குப்பைத்தொட்டியில் இருக்கும். பிறகு வரலாறும் சேர்ந்தே போய்விடும். உங்கள் மூலக் கோப்பு யாருடைய தனிப்பட்ட கணக்கில் இருக்கிறது என்பதை இன்றே பாருங்கள். குழுவின் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, உரிமையை அதற்கு மாற்றுங்கள். மாதக் கணக்கு முடிந்த அன்று ஒரு பிரதியைப் பதிவிறக்கிக் குழுவின் பென் டிரைவில் போட்டு வையுங்கள். அந்தப் பிரதியில் மட்டும் யாரும் எழுத வேண்டாம். மீட்கும்போது நான்கு நாள் வரிசைகளில் எதுவும் தென்படாவிட்டால், வரலாற்றில் தேதியின் பக்கத்திலுள்ள சிறு அம்புக்குறியை அழுத்தி விரித்துப் பாருங்கள். நாளின் நடுவே எழுதியவை பெரும்பாலும் அதற்குள்தான் மடிந்திருக்கும்.